முப்பது மாத்திரைகள்

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் கதைக்காமல் கடிதம் எழுதுவதற்குக் குறை நினைக்காதீர்கள். இதைச் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி? நான் சுகம்.

கொழும்பில் எங்கள் கிளினிக்கில் ஊசியில் போதை பாவிப்பவர்களுக்கு எச்ஐவி தொற்றாமலிருக்க நாளுக்கு ஒரு மாத்திரை கொடுக்கிறோம். போன கிழமை அப்படி மாத்திரை எடுக்கும் ஒருவரின் தாய் வெறும் போத்தலுடன் வந்தார். நம் ஊர்ப் பக்கத்து ஆள்.

“போதைக் குடு எண்டு நினைச்சி முப்பதையும் கக்கூசுக்க கொட்டிட்டன் புள்ள. கத்தினான், தும்புத்தடியால ரெண்டு போட்டன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. மகன் அன்றே வீட்டை விட்டுப் போய்விட்டானாம். இன்னும் தேடுகிறோம்.

ஊரிலிருந்து வருபவர்களிடம் கொச்சிக்காய்த் தூளும் உங்கள் பழைய தலையணை உறை ஒன்றும் கொடுத்துவிடுங்கள். புது உறையில் நித்திரை வருவதில்லை.

இன்னொன்று. இஹ்ஸான் காக்கா போன மாதம் இங்கு வந்தது வேலை தேடியல்ல, எங்கள் கிளினிக்குக்கு. உங்கள் மகனும் பாவிக்கிறார் உம்மா. இரத்தம் சோதித்தோம், நோய் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். “உம்மாக்கிட்ட நீயே சொல்லு” என்றார். அங்கே அவருடைய உடுப்புப் பையிலும் அந்த மாத்திரைதான் இருக்கிறது. பாதி நாள் போடுவதில்லை என்று நினைக்கிறேன்.

நோன்பு வருகிறது. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்பும்போது, ஒன்றும் கேட்காமல், நீங்களே ஒரு மாத்திரையை அவர் கையில் கொடுங்கள் உம்மா.