அப்பா ஒருமுறை வாங்கிய அந்தக் கட்சிச் சீட்டு

மார்லோ ஃபால்ஸ், ஓஹாயோ
ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு

அன்பு மகள் கென்ட்ராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நலம், மற்றதைக் கீழே எழுதுகிறேன். அந்த அலாஸ்காத் தீவுக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பாய்ந்து நியாயம் பேசுவாய், காகிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீ சும்மா இருந்தாக வேண்டும். ஈஸ்டர் விருந்துக்கு ஹாம் இறைச்சி வெந்துகொண்டிருக்கிறது, அப்பா சர்ச்சிலிருந்து வந்த கையோடு கொட்டகைக்குப் போய்விட்டார், அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை. தீவன ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்கு இருக்கிற ஒரே வேலை நம் வட்டத்தின் கட்சிப் பிரதிநிதி வேலைதான் என்பது உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறார். அந்த வேலைக்கு வந்த ஆபத்தையும், அதை நாங்கள் காப்பாற்றிய லட்சணத்தையும் சொல்லத்தான் இந்தக் கடிதம், யாரோ எழுதி நீ தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நம் மாவட்டக் கட்சி இப்போது ஒரு கட்சி இல்லை கண்ணு, ஒரே பெயரில் இரண்டு. பழைய தலைவர் மெர்ல் பக்கம் ஒரு கூட்டம், ட்ரூடி சவுடர்ஸ் பக்கம் ஒரு கூட்டம். ட்ரூடியின் ஆட்கள் தங்களை அசல் என்று சொல்லிக்கொள்கிறார்கள், மெர்லின் ஆட்கள் அவர்களை நேற்று முளைத்தவர்கள் என்கிறார்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் மாதக் கூட்டம் நடந்தால் இரண்டு காபிப் பானை வருகிறது, ஒரு பானைக்காரர் இன்னொரு பானையில் குடிக்கமாட்டார், நான் இரண்டிலும் அரைக் கோப்பை பிடித்துக்கொண்டு பொதுவாக நிற்கிறேன். பிப்ரவரியில் ஒற்றுமைக்காகப் பிரார்த்தனை செய்யலாம் என்று ஒருவர் சொன்னார், அதை யார் செய்வது என்று இருபது நிமிஷம் சண்டை நடந்து கடைசியில் பிரார்த்தனை இல்லாமலே கூட்டம் முடிந்தது. எதிர்த்து நிற்கிற அந்தக் கட்சிக்காரர்களைத் திட்ட இவர்களுக்கு நேரமே இல்லை, எல்லாத் திட்டும் உள்ளூரிலேயே செலவாகிவிடுகிறது.

இந்த லட்சணத்தில் ட்ரூடி ஒரு சுத்தக் குழு போட்டாள். கட்சிக்குள் கலப்படம் புகுந்துவிட்டதாம், அதை அரித்து எடுக்க வேண்டுமாம். எப்படி அரிப்பது? அதுதான் சுலபமாயிற்றே. மே மாசம் கட்சிகள் தங்கள் வேட்பாளர்களைப் பொறுக்குகிற தேர்தலில் எந்தக் கட்சியின் ஓட்டுச்சீட்டு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும், யாருக்குப் போட்டார் என்பது ரகசியம், எந்தச் சீட்டை வாங்கினார் என்பது பதிவேட்டில் ஏறிவிடும், யார் போய்க் கேட்டாலும் கொடுப்பார்கள். கடந்த பதினைந்து வருஷத்தில் ஒரு தரமாவது அந்தக் கட்சிச் சீட்டைக் கேட்டு வாங்கிய நம் பிரதிநிதிகள் யாரோ அவர்களுக்கு, பிரதிநிதிப் பதவிக்கும் ஓட்டு நடக்கிற இந்த மே மாசம், கட்சியின் ஆதரவுப் பட்டியலில் இடமில்லை என்று தீர்மானம் போட்டார்கள். ட்ரூடி சொன்னாள், மெர்ல் வழிமொழிந்தார். மூன்று வருஷத்தில் இரண்டு கோஷ்டியும் ஒரே குரலில் ஒத்துக்கொண்டது இந்தப் பதினைந்தை மட்டும்தான். அது ஏன் பத்து இல்லை, இருபது இல்லை என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டிருக்கலாம். நான் இருபத்தேழு வருஷமாக வாக்குச்சாவடியில் சீட்டு எடுத்துக் கொடுக்கிறவள், எனக்குக் கேட்க வேண்டியதில்லை. சரியாகப் பதினாறு வருஷத்துக்கு முன்னால் இந்த மெர்ல்தான் வீடு வீடாகப் போன் போட்டு, இந்தத் தடவை எல்லாரும் அந்தக் கட்சிச் சீட்டை வாங்குங்க, அவங்க ஆளுங்கள்லயே படு மக்கு எவனோ அவனுக்குப் போட்டு ஜெயிக்க வைங்க, நவம்பர்ல நடக்கிற நிஜத் தேர்தல்ல நாம ஊதித் தள்ளிடலாம் என்றார். ட்ரூடி வந்தாள், அவள் புருஷன் வந்தான், சுத்தக் குழுவில் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிற ஐந்து பேரும் வந்தார்கள், ஐந்து பேருக்கும் அந்தச் சீட்டை எடுத்துக் கொடுத்தது இந்தக் கைதான். மக்கு என்று பொறுக்கிய டூயி லான்ட்ஸ் நவம்பரில் நம் ஆளையும் தோற்கடித்து எட்டு வருஷம் நம்மை ஆண்டான். அதை யாரும் பேசுவதில்லை. உனக்குச் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு மத்தியானம் கூட்டம் குறைந்ததும் நானும் அந்தச் சீட்டை வாங்கி டூயிக்குத்தான் போட்டேன். உன் அப்பா மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். அடுத்தவன் அடுப்புல வேகுற குழம்புல உப்பைக் கொட்டிட்டு வர்ற வேலையெல்லாம் எனக்கு வேண்டாம் ஆர்டிஸ் என்றார்.

ஆனால் நாலு வருஷம் கழித்து அவரும் ஒரு தரம் வாங்கினார். உனக்குத் தெரியும், ஹாலிஸ் ப்ரூயிட் அந்த மே மாசம் அந்தக் கட்சிக்குள்ளேயே டூயியை எதிர்த்து நின்றாரே, அந்த வருஷம். வெள்ளத்தில் ஓடைப் பாலத்தில் பள்ளிக்கூட பஸ் நின்றுபோனபோது பதினான்கு குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிக் கரை சேர்த்த டிரைவர் அவர், கிளாரினெட் இல்லாமல் வரமாட்டேன் என்று அடம் பிடித்த உன்னைக் கடைசியாக, கிளாரினெட்டோடு. தேர்தல் அன்று அப்பா வரிசையில் என் மேஜைக்கு வந்தார். சட்டப்படி கேட்டே ஆக வேண்டும், எந்தக் கட்சிச் சீட்டு என்று என் புருஷனையே கேட்டேன். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு அந்தக் கட்சியின் பெயரைச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஹாலிஸும் பதிவேட்டில் பார்த்திருப்பார், அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தீயணைப்பு நிலையத்து மீன் சாப்பாட்டுக்கு மட்டும் எங்கள் மேஜையைத் தேடி வந்து உட்கார ஆரம்பித்தார். அவர் தோற்றார் என்பது வேறு விஷயம்.

ஆகக் கூடி, சுத்தக் குழு அரித்த அரிப்பில் மாவட்டம் முழுக்க மாட்டியது உன் அப்பா ஒருவர். கெடுக்கிறதற்காக அந்தச் சீட்டை வாங்கியவர்கள் எல்லோரும் விசுவாசிகள், நல்ல மனுஷன் என்று போட்டவர் துரோகி. மார்ச் மாசம் ட்ரூடி நம் வீட்டுக்கே வந்தாள், வாழைப்பழ ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு. வெண்டல், உங்களை வெளிய தள்ள எங்களுக்கு என்ன ஆசையா, நீங்க ஹாலிஸுக்கு எதுக்குப் போட்டீங்கன்னுதான் கேள்வி, அவன் ஜெயிக்கணும்னு போட்டா துரோகம், அந்தக் கூட்டத்துலயே சொத்தை அவன்தான்னு கணக்குப் பண்ணிப் போட்டிருந்தா அது கட்சிக்குச் செஞ்ச தொண்டு, அப்படின்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா விஷயம் முடிஞ்சுது என்றாள். அப்பா, நான் அப்படிப் போடலையேம்மா என்றார். அவள், நீங்க எப்படிப் போட்டீங்கன்னு யாருக்குத் தெரியும், அதான் ரகசிய ஓட்டாச்சே என்றாள். இதை நான் கோபமாக எழுத வேண்டும், எழுத வரவில்லை, ஏனென்றால் அவள் போன பிறகு கையெழுத்துப் போடுங்கள் என்று அவரை நச்சரித்தது நான்தான். இந்தப் பதவியும் போய்விட்டால் மனுஷர் என்ன செய்வார் என்று பயந்தேன். நாள் முழுக்க என் சமையலறையில் நின்றுகொண்டு அலமாரியை மாற்றி அடுக்கச் சொல்வாரே என்றும் பயந்தேன், பொய் சொல்வானேன். ஒரு வரிதானே என்றேன். மூன்று நாளாகியும் அவர் எழுதவில்லை, நானே டைப் அடித்து முன்னால் வைத்தேன். எதிர்க்கட்சியின் மிகவும் பலவீனமான வேட்பாளரைத் தேர்ந்தெடுத்து நம் கட்சிக்கு நன்மை செய்யும் நோக்கத்துடன் மட்டுமே திரு. ப்ரூயிட்டுக்கு வாக்களித்தேன் என்று. போட்டார்.

கூட்டத்தில் ட்ரூடி அதைப் படித்ததும் எழுந்து நின்று கை தட்டினார்கள் கென்ட்ரா. நம்ம வெண்டல் இவ்வளவு கெட்டிக்காரன்னு தெரியாமப் போச்சே என்று மெர்ல் முதுகில் தட்டினார். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் இரண்டு பானைக் காபியையும் எல்லோரும் கலந்து குடித்தார்கள். வியாழக்கிழமைப் பத்திரிகையில் அந்த வரி அப்படியே வந்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால் அந்தக் கட்சியும் ஒரு சுத்தக் குழு போட்டிருக்கிறது, இந்த விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே யோசனைதான் வரும், அவர்கள் அரித்ததில் மாட்டியது ஹாலிஸ். எதிராளியின் வட்டப் பிரதிநிதியே வந்து ஓட்டுப் போடுகிற அளவுக்கு உனக்கு அங்கே என்ன உறவு என்று அவர்மேல் விசாரணை. அப்பாவின் வரி பத்திரிகையில் வந்ததும் அதைக் கத்தரித்து அவர்கள் கூட்டத்தில் வாசித்தார்களாம், பாருங்கள், நம் ஹாலிஸை அவர்களுக்குப் பிடிக்கவே பிடிக்காது, சொத்தை என்றுதான் நினைத்தார்கள் என்று. அங்கேயும் கை தட்டு. ஹாலிஸ் சுத்தமானவர் என்று தீர்மானம். நான் டைப் அடித்த ஒரு பொய்யால் இரண்டு கட்சியிலும் இரண்டு பேருடைய மானம் காப்பாற்றப்பட்டது. இதைவிடப் பெரிய காரியம் நான் செய்ததில்லை என்று அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன், அதையும் மறைக்கவில்லை.

முந்தாநாள் பெரிய வெள்ளி, இந்த வருஷத்தின் கடைசி மீன் சாப்பாடு. ஹாலிஸ் வரமாட்டார் என்று நினைத்தோம், வந்தார். வழக்கம்போல எங்கள் எதிரில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டார், பேத்தி எப்படிப் படிக்கிறாள் என்று சொன்னார், உன்னைப் பற்றி விசாரித்தார். தட்டைக் காலி செய்த பிறகுதான், கோபமே இல்லாமல், வெண்டல், அந்த எலெக்‌ஷன்ல எனக்கு விழுந்தது மொத்தம் நானூத்திப் பதினோரு ஓட்டுய்யா, அதுல பாதி என் பொண்டாட்டியோட சொந்தக்காரங்க, மீதி டூயி மேல உள்ள காண்டு, எனக்குன்னு பிரியத்துல விழுந்தது ஒண்ணு இருக்குன்னு பன்னெண்டு வருஷமா நெனச்சிட்டிருந்தேன், அவ்வளவுதான் என்றார். அப்பா வாயைத் திறந்தார். பக்கத்து மேஜையில் ட்ரூடி உட்கார்ந்திருந்தாள். அப்பா வாயை மூடிக்கொண்டார். ஹாலிஸ் காகிதத் தட்டை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு எனக்கு ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அவர் ஒரு வசவு வைதிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அப்பா அன்று முதல் கொட்டகையில்தான் இருக்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தேர்தல் அன்று சாயங்காலம் அப்பா உன் காலேஜ் விடுதிக்குப் போன் செய்து யாருக்குப் போட்டேன், ஏன் போட்டேன் என்று உன்னிடம் மட்டும் சொன்னார் என்று நீ ஒரு கிறிஸ்துமஸுக்கு என்னிடம் உளறியிருக்கிறாய். நாங்கள் இனிமேல் என்ன சொன்னாலும் ஹாலிஸ் நம்புவதற்கு நியாயமில்லை, கையெழுத்துப் போட்டவர் ஒருவர், டைப் அடித்தவள் ஒருத்தி. மிச்சம் இருக்கிற சாட்சி நீ ஒருத்திதான். அன்றைக்கு அப்பா சொன்னதை அப்படியே, உன் கையால், ஹாலிஸுக்கு இரண்டு வரி எழுது. ஆனால் நீ வழக்கமாக அனுப்புகிற மலைப் படம் போட்ட தபால் அட்டையில் எழுதிவிடாதே, உறையில் போட்டு நன்றாக ஒட்டி அனுப்பு. இங்கே தபால் ஆபீஸில் இப்போது லுவான் இருக்கிறாள், ட்ரூடியின் நாத்தனார், அட்டையில் வருவதை எல்லாம் படித்துவிட்டுத்தான் பெட்டியில் போடுவாள். தேர்தல் மே ஐந்தாம் தேதி, அது வரைக்குமாவது விஷயம் ஹாலிஸோடு இருக்கட்டும், அப்பா ஜெயித்து உட்கார்ந்துவிடட்டும். இப்படிச் சொல்கிற அம்மாவை நீ என்ன நினைப்பாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். படகில் போகும்போது உள்சட்டை இரண்டு போட்டுக்கொள்ளச் சொல். உனக்கு இருமல் இருந்ததே, மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. கடவுள் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும், சண்டை போடாமல் சாப்பிடுகிற ஒரு மேஜை உங்களுக்கு எப்போதும் இருக்கட்டும். கீழே அப்பாவுக்கு இடம் விட்டிருக்கிறேன், கடைசிப் பக்கத்தை மட்டும் மடித்துக் கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன், எழுதியதைப் படிக்காமல் எப்போதும்போல மழையைப் பற்றி ஒரு வரி எழுதித் தருவார். உறையை மறந்துவிடாதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா ஆர்டிஸ்

கென்ட்ரா, கடைசிப் பக்கம் மட்டும் படித்தேன், போதும். உறை வேண்டாம். அட்டையிலேயே எழுது. கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது, லுவானுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. இங்கே மழை இல்லை.
அப்பா