மூன்றாவது பெடல்

ஜூன் 1, திங்கள்

விடியவே ஷிரோக்கோ காற்று. ஆப்பிரிக்க மணல் முழுக்க எங்கள் சீசா வட்டார வீட்டுப் பல்கனியில். காயப்போட்ட உடுப்பைத் திரும்பக் கழுவ வேண்டும் என்று மனைவி றீற்றா புறுபுறுப்பு.

கார் செத்துவிட்டது. வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை. ரயில் ஸ்தாசியோனே முன் சிக்னலில் பச்சை விழுந்தது, எஞ்சின் உறுமியது, கார் அசையவில்லை. பின்னால் முழுப் பலெர்மோவும் ஹோர்ன். மச்சான் ஸ்ரனிஸ் தான் வேலை செய்யும் ஒஃபிசீனாவுக்கு, கார் திருத்தும் இடத்துக்கு, கட்டி இழுத்துப் போனான். ஒயிலை விரலில் தொட்டு மணந்து பார்த்தான்.

"அத்தான், கருகிப் போச்சு. ஓட்டோமெட்டிக் கியர் பொக்ஸ் முடிஞ்சுது."

27ஆம் திகதி மகள் மெலனியின் கலியாணம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிறது.

ஜூன் 3, புதன்

மணல் இன்னும் அடங்கவில்லை. தலையிடி.

நான் வேலை செய்த வீட்டு signora, வீட்டுக்கார அம்மா, கொடுத்த கார். அவருடைய புருசன் ஆசைக்கு வாங்கிய அமெரிக்கக் கார். இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், என்னைவிட வயது கூட. இந்த ஊரில் எங்கள் சனத்தின் பொம்பிளைக் கார் அதுதான். எத்தனை கலியாணப் பெண்களைக் கோயில் வாசலில் இறக்கியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மெலனி முன் சீற்றில். சின்னதில் ஒரு நாள் கேட்டாள், "பப்பா, எனக்கும் நீங்கள்தான் ஓடவேணும், என்ன?" ஓம் என்றேன். அது ஒன்றுதான் நான் அவளுக்குக் கொடுத்த வாக்கில் இன்னும் மிச்சம்.

ஸ்ரனிஸ் போன் எடுத்தான், பெரிய சந்தோசம். பழைய பொக்ஸுக்குச் சாமான் அமெரிக்காவிலிருந்து வர மாசக்கணக்காகும். ஆனால் கத்தானியாவில் அதே கொம்பனியின் புதுக் கார் ஒன்று அடிபட்டுக் கிடக்கிறதாம். ஆறு கியர் மனுவல் பொக்ஸ், ஒரு கீறல் இல்லை.

"அதைக் கழட்டி இதிலை போடுவம் அத்தான். முதலாளி தூரியும் ஓம் எண்டிட்டார். இது எங்கடை கலியாணப் பரிசு. நீங்கள் ஒண்டும் கதைக்கக் கூடாது."

சரி என்று போனை வைத்தேன்.

மனுவல் என்றால் கிளச். கிளச் என்றால் இடது கால்.

ஜூன் 6, சனி

வாங்க வேண்டியது: வெற்றிலை (சந்தையில் சொல்லிவைக்க), கோட்டுக்குப் பொத்தான், சீனி வருத்த மாத்திரை.

இங்கே எழுதிவிடுகிறேன், இதை ஒருவரும் பார்க்கப் போவதில்லை. இடது பாதம் போன மாரியிலிருந்து மரத்துவிட்டது. செருப்புக் கழன்று விழுந்தாலும் தெரிவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க வந்த அன்று சொக்ஸைப் பின்முன்னாகப் போட்டிருந்தேன், அதுவும் தெரியவில்லை. டாக்டரிடம் "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

என்னைப் பெற்ற ஐயாவுக்கும் இதே சீனி வருத்தம்தான், மன்னார் ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். அதன் பிறகு அவர் கதிரையில் இருந்தார். வீட்டுக்கு வந்த சனம் அவருக்கு மேலாலே கதைத்தது, அவர் ஒரு மேசை என்பது போல. எனக்கு அது வேண்டாம். கலியாணம் முடியட்டும்.

ஓட்டோமெட்டிக்கில் இடது காலுக்கு வேலை கிடையாது. மரத்த கால் ஒரு பக்கம் சும்மா கிடக்கும். நான் ஓடுவேன். ஒருவருக்கும் தெரியாது. நல்ல ஏற்பாடு.

றீற்றா நேர்த்தி வைத்திருக்கிறாள். கார் ஓடினால் குடும்பத்தோடு வெறுங்காலில் மலையேறி இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குப் போவதாம். என்னைக் கேட்டா வைத்தாள்?

ஜூன் 11, வியாழன்

வெக்கை. நாலு வீட்டுப் படி கழுவிவிட்டு ஒஃபிசீனாவுக்கு.

கார் தூக்கியில். வயிறு திறந்து கிடக்கிறது. பழைய பொக்ஸ் ஒரு மூலையில், கறுப்பு ஒயில் ஒழுகிக்கொண்டு. புது பொக்ஸ் நீளம். தரையில் இருந்த ஓட்டையை வெட்டிப் பெருப்பித்தார்கள், பின் சில்லுக்குப் போகும் ஷாஃப்டை அறுத்துக் குட்டையாக்கினார்கள். லைட் பிடித்தேன். ஸ்பனர் எடுத்துக் கொடுத்தேன். என் கழுத்துக்கு நானே கயிறு திரித்தேன்.

தூரி தன் பங்குக்கு ஒரு மாதுளைச் சாறு வாங்கித் தந்தார். சீனி வருத்தம் என்று சொல்ல வெட்கம். குடித்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

பூசை. சுவாமியின் பிரசங்கம் நீளம். நித்திரை.

பின்னேரம் ஸ்ரனிஸ் கூப்பிட்டுக் காட்டினான். பிரேக்குக்குப் பக்கத்தில், கதவோரமாக, புதிதாக ஒன்று. வெல்டிங் சூடு இன்னும் ஆறவில்லை.

"பாருங்கோ அத்தான், மூண்டாவது பெடல். நீங்கள் இருக்கிற அளவுக்கு எடுத்து வைச்சனான். ஏறி மிதிச்சுப் பாருங்கோ."

ஏறினேன். கதவு மறைவில் வலது காலால் எட்டி மிதித்தேன்.

"எப்பிடி, பாரமோ?"

"இல்லை. பஞ்சு மாதிரி."

அவன் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்த பிறகு என்ன சொல்வது. ஊமை கண்ட கனா.

ஜூன் 17, புதன்

ஓடுகிறது. அதாவது, கார் ஓடுகிறது.

முதலில் ஸ்டார்ட் ஆகவில்லை. பழைய கார், கியர் கம்பி 'பார்க்'கில் நின்றால்தான் எழும்பும். இப்போது அந்தக் கம்பியே இல்லை. ஸ்ரனிஸ் இரண்டு வயரைச் சேர்த்து முறுக்கினான், உடனே பிடித்தது. ஆறு கியரும் அவன் கைக்கு அழகாக விழுந்தது. பிறகு சாவி என் கையில்.

கால் பெடலில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. மிதித்தேன் என்று நினைத்தேன். கியர் கறகற என்று பல்லைக் கடித்தது. நின்றது. திரும்ப. நின்றது. தூரி, "பியானோ, பியானோ" என்றார், மெதுவாக என்று. ஒஃபிசீனா முழுக்கச் சிரிப்பு.

"ஆனைக்கும் அடி சறுக்கும் அத்தான். ஓட்டோமெட்டிக்கிலை ஓடி ஓடிச் சோம்பேறியாப் போனியள்."

நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

ஜூன் 18, வியாழன்

குளியலறையைப் பூட்டிக்கொண்டு பயிற்சி. நிறை பார்க்கும் தராசைச் சுவரோடு சாய்த்து, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்து, இடது காலால் மிதித்தேன். எவ்வளவு மிதிக்கிறேன் என்று தராசு சொல்ல வேண்டும், காலுக்குத் தெரியவில்லை. முள் ஒரு தடவை எழும்பும், மறு தடவை செத்துக் கிடக்கும். நான் இரண்டு தடவையும் ஒரே மாதிரித்தான் மிதித்தேன்.

வெளியே றீற்றா: "இஞ்சாருங்கோ, உள்ளுக்கை என்ன செய்யிறியள்? நிறையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாக் குறையுமே?"

ஞாயிறு மலைக்கு. கார் ஓடிவிட்டதாம், நேர்த்தி நிறைவேற்ற வேண்டுமாம்.

ஜூன் 21, ஞாயிறு

வெயில் ஏறுமுன் மொந்தே பெல்லெக்ரீனோ மலையடிவாரம். றீற்றா, மெலனி, ஸ்ரனிஸ், நான். செருப்பெல்லாம் ஒரு பையில்.

பழைய கல்லுப் பாதை. மெலனி ஒவ்வொரு அடிக்கும் "அயோ, மாம்மா மியா". ஸ்ரனிஸ் குதிக்காலில் நடந்தான். றீற்றா செபமாலையும் முனகலும். நான் முன்னுக்கு. வலது கால் சுட்டது, இடது சும்மா வந்தது.

"அத்தானைப் பாருங்கோ," என்றான் ஸ்ரனிஸ். "பூவுக்கு மேலை நடக்கிற மாதிரி."

கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மடையன்.

குகைக் கோயில் வாசலில் மெலனி பின்னாலிருந்து சொன்னாள்: "பப்பா. நில்லுங்கோ."

திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பாதையைப் பார்த்தாள். கல்லில் சிவப்பாக அடி அடியாக. இடது கால் மட்டும். கீழே எங்கேயோ தொடங்கி நான் நிற்கும் இடம் வரை.

பியர்ப் போத்தல் கண்ணாடி, பெருவிரலுக்குக் கீழே ஆழமாக.

"நோகேல்லையோ?"

நோகுது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. கத்தியிருக்கலாம். ஆனால் வாய், "இல்லை" என்று சொல்லிவிட்டது. மெலனியின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது.

றீற்றா அந்த வாசலிலேயே குந்திவிட்டாள். உள்ளே போகவில்லை. சாந்தாவையும் கும்பிடவில்லை.

ஜூன் 22, திங்கள்

pronto soccorso, அவசர சிகிச்சைப் பிரிவு. டாக்டர் கண்ணை மூடச் சொல்லி ஊசியால் குத்தினார். குத்தும்போது சொல்லச் சொன்னார். நான் காத்திருந்தேன். கண்ணைத் திறந்தபோது அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

பெருவிரல் கறுத்திருக்கிறது. அடுத்த திங்கள் பார்த்துத்தான் சொல்வார்களாம். அதுவரை மருந்து, கட்டு, நிலத்தில் ஊன்றக் கூடாது.

றீற்றா ஒரே கேள்வி: "எப்ப தொடக்கம்?" மாரியிலிருந்து என்றேன். சமையலறைக்குப் போய்விட்டாள். ஏசியிருந்தால் நல்லது.

ஸ்ரனிஸ் வந்தான். கதவு நிலையில் நின்றான், உள்ளே வரவில்லை.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அத்தான். என்ரை கையாலை வெட்டி ஒட்டினன் அந்தப் பெடலை. உங்களைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு."

"நீ சந்தோசமாயிருந்தாயடா."

"அதுக்காக?"

பழைய பொக்ஸ் காயலான் கடைக்குப் போய்விட்டது, திருப்பிப் போட வழியில்லை. கலியாணத்துக்கு அவன் ஓடுவதாக முடிவு. சரி என்றேன். வேறு என்ன சொல்ல.

யார் யாருடைய பிள்ளையை எல்லாம் கொண்டுபோனேன். என் பிள்ளையை மட்டும் முடியாது. அழுதேன், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு.

ஜூன் 25, வியாழன்

காற்று மாறிவிட்டது, கொஞ்சம் குளிர்ச்சி. மரக்கறிக்காரன் கத்தரிக்காய் நல்லது கொண்டுவந்தான்.

மெலனி லீவு. காலையில் கார்ச் சாவியோடு வந்து நின்றாள். "எழும்புங்கோ." பக்கத்து சீற்றில் ஏற்றி, கட்டுப் போட்ட காலுக்குக் கீழே தலையணை வைத்தாள். அவள் patente, லைசென்ஸ், மனுவலில்தான் எடுத்தது. கடலோர ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு ஓடினாள். மீன் கடைகள் திறக்கவில்லை, கடற்கரைத் தரிப்பிடம் வெறிச்சோடிக் கிடந்தது.

நிறுத்திவிட்டு என் இடது கையை எடுத்துக் கியர்க் கட்டையில் வைத்தாள்.

"இதை நீங்கள் மாத்துங்கோ. கிளச் நான் மிதிப்பன். மிதிச்சவுடனை அதேஸ்ஸோ, இப்ப எண்டு சொல்லுவன்."

"விசர்க் கதை கதையாதை."

"அதேஸ்ஸோ."

போட்டேன். கறகற. "அதேஸ்ஸோ." கறகற. பிறகு அவள் சொல்லுமுன்னே எஞ்சின் சத்தத்தில் எனக்குத் தெரியத் தொடங்கியது. இரண்டு, மூன்று. மூன்று மட்டும் கொஞ்சம் இறுக்கம். ரிவேர்ஸ் அவளுக்குப் பிடிபடவே இல்லை. கட்டையை அமத்தி இடப் பக்கம் தள்ள வேண்டும், எனக்கு முதல் தரமே விழுந்தது.

வீட்டில் சண்டை. றீற்றா: "பொம்பிளை தானே கார் ஓடிக்கொண்டு கோயிலுக்குப் போறதோ? சனம் என்ன கதைக்கும்?"

மெலனி: "கதைக்கட்டும் அம்மா. கதைக்கத்தானே கலியாணத்துக்கு வருகினம்."

இரண்டு பக்கமும் நியாயம். என் நியாயத்தை ஒருவரும் கேட்கவுமில்லை. முடிவு தெரியாமலே படுக்கப் போகிறேன்.

ஜூன் 27, சனி

நல்ல வெயில். கோட்டுப் பொத்தான் தைத்தாயிற்று. வலது காலுக்குச் சப்பாத்து, இடது காலுக்கு ஸ்ரனிஸின் பெரிய செருப்பு. கண்ணாடியில் பார்க்கவில்லை.

திங்கள் விரலைப் பற்றிச் சொல்வார்கள். பயமாக இருக்கிறது. விரலோடு நிற்காது என்று தெரியும், ஐயாவுக்கும் விரலில்தான் தொடங்கியது.

படம் எடுக்கிற பெடியன் வந்து எல்லாரையும் விரட்டுகிறான். றீற்றா பூக் கட்டுகிறாள், என்னோடு இன்னும் நேரே கதையில்லை, ஆனால் மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு வைத்திருந்தாள்.

கீழே ஹோர்ன். பல்கனியால் எட்டிப் பார்த்தேன். கார் முழுக்க வெள்ளை ரிப்பன். ஸ்ரனிஸ் றோட்டில், கையைப் பிசைந்துகொண்டு. ஸ்டியரிங்கில் மெலனி, சாரியை முழங்கால் வரை இழுத்துச் செருகி, முக்காட்டைத் தோளில் போட்டுக்கொண்டு. தெருச் சனம் முழுக்கப் பார்க்கிறது.

"பப்பா, கெதியா வாங்கோ. முன்னுக்கு வான் நிக்குது, எனக்கு ரிவேர்ஸ் விழுகுதில்லை."

வாறன்.