வெயில் இருக்கிறது, கரண்ட் இல்லை

மார்ச் 5

மொட்டைமாடியில் பேனல் ஏறிவிட்டது. இட்லி மாவு அரைத்து விற்று வந்ததில் பாதியை இத்தனை வருடமும் கிரைண்டரே கரண்டாகக் குடித்தது. இனி சூரியன் பார்த்துக்கொள்ளும். கோச்சடையில் எங்கள் தெருவுக்கே முதல் சோலார் வீடு எங்களுடையதுதான். கொஞ்சம் அலட்டிக்கொள்ளலாம், தப்பில்லை.

மாமியார் மாயக்காள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். வத்தல் போடும் இடமெல்லாம் நிழலாகிவிட்டதாம். "வெயிலப் பூராம் ஒம் பொட்டி குடிச்சிட்டா, என் வத்தல் எங்குட்டுத்தா காயும்?"

மார்ச் 11

செல்போனில் பார்த்தால் கரண்ட் பாதிதான் உற்பத்தியாகிறது. வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. மாடிக்கு ஓடினேன். தாழ்ந்த ஓரத்துப் பேனல்கள் மேல் மாமனாரின் பழைய வேட்டியை விரித்து, வரிசை வரிசையாகக் கூழ் வத்தல்! "கண்ணாடி என்னமாச் சுடுது! மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும்" என்கிறார் அத்தை. சிரித்துத் தொலைத்தேன். வத்தல் என்னவோ மொறுமொறுவென்றுதான் வந்தது.

மார்ச் 19

காளவாசல் மெஸ் செல்லத்தாய் அக்கா, ராத்திரி டிபனுக்குத் தினமும் மாவு கேட்டிருக்கிறார். இத்தனை பெரிய ஆர்டர் இதுதான் முதல் தடவை. காலையில் அரைத்தால் மதுரை வெயிலுக்கு மாலைக்குள் புளித்துவிடும். ஆறு மணிக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும்.

"ஒரு நா தவறுனாலும் வேற ஆளப் பாத்துக்கிருவேன். கரண்ட் போச்சுன்னு கதை சொல்லக்கூடாது."

"எங்க வீட்ல சூரியனே அரைக்குதுக்கா" என்றேன். வாய் சும்மா இருக்கிறதா!

மார்ச் 20

ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் வீட்டுக்காரர் பருத்திப்பால் வாங்கி வந்தார். அத்தையும் குடித்தார். தூக்கி வைத்த முகத்தோடுதான், ஆனாலும் குடித்தார்.

ஏப்ரல் 8

மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை எங்கள் பகுதியில் கரண்ட் கிடையாது என்று நேற்றே பேப்பரில் போட்டிருந்தது. அவர் காட்டினார். நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பினேன்.

ஒன்பது மணி. கிரைண்டர் நின்றது. மாடியில வெயில் கொளுத்துது, கீழ அரிசி ஊறிக் கிடக்கு, கிரைண்டர் செத்துக் கிடக்கு — அப்புறம் எதுக்கு இந்தப் பொட்டி? பேனல் மாட்டிய பவதாரிணிக்குப் போன் போட்டுக் கத்தினேன். "அக்கா, இது பேட்டரி இல்லாதது. லைன்ல கரண்ட் இருந்தாத்தான் ஓடும், லைன் போனாத் தானா நின்னுரும். அன்னைக்கே சொன்னேனே?"

சொன்னாளா? சொல்லியிருப்பாள். பில் குறையும் என்றதற்கு அப்புறம் என் காது எதையும் வாங்கவில்லை.

மெஸ் போச்சு என்று அழுதுகொண்டு உட்கார்ந்துவிட்டேன். அத்தைதான் அதட்டினார்: "ஏத்தா, திருமங்கலத்துல கரண்ட் இருக்குல்ல? என் தங்கச்சி சீனியம்மா வீடு என்னத்துக்கு இருக்கு? எந்திரி!"

வீட்டுக்காரருடைய லோடு ஆட்டோவில் கிரைண்டர், ஊறிய அரிசி, உளுந்து, நான், அத்தை. அங்கே அரைத்து, அங்கேயே புளிக்கவிட்டுக் கிளம்பினோம். வழியில் மாவு பொங்கி வாளி மூடியைத் தள்ள, அத்தை காளவாசல் வரை அதை அழுத்திப் பிடித்தபடி வந்தார்.

ஆறு மணிக்கு இறக்கியாயிற்று. அத்தை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "சூரியனுக்கு இன்னைக்கு லீவாக்கும்?" என்று செல்லத்தாய் அக்கா சிரித்த சிரிப்பில் மெஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஆர்டர் தப்பித்தது. மானத்தைப் பற்றி எழுதாமல் இருப்பது நல்லது.

ஏப்ரல் 9

இன்னும் ஆறவில்லை. வெயில் அடிக்கும்போதே நின்றுபோகிற சோலாரை எந்த மேதை கண்டுபிடித்தார்? பேட்டரி வைக்கலாம் என்றால் விலை பேனலோடு போட்டி போடுகிறது. சில வருடத்தில் மாற்றவும் வேண்டுமாம்.

மே 2

பில் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். கோபம் பாதி போயிற்று.

மே 13

மறுபடி பராமரிப்பு. இந்த முறை விடியற்காலையிலேயே அரைத்து முடித்துவிட்டேன். கரண்ட் போனபின் மாடியில் அத்தையோடு வத்தல் பிழிந்துகொண்டிருந்தேன், பேனலை விட்டுத் தள்ளி, கைப்பிடிச் சுவர் ஓரமாக. எதிர்க் கம்பத்தில் எங்கள் உயரத்துக்கு லைன்மேன் கருத்தக்கண்ணன் அண்ணன்.

"செல்வி, ஒங்க சோலார் நின்னுருச்சா?"

"கரண்ட் போனதுமே நின்னுருச்சுண்ணே. சரியான தண்டம் அது."

"அப்பிடிச் சொல்லாத. அது நிக்கலைன்னா ஒங்க வீட்டுக் கரண்ட் இந்தக் கம்பிக்குல்ல வரும்? நாங்க கம்பிய மண்ணோட சேத்து எர்த் போட்டுத்தேன் தொடுவோம். இருந்தாலும், மேல இருக்கது நான்ல?"

போன மாதமும் இவர்தானே ஏறியிருப்பார். அந்த நேரத்தில்தான் நான் கீழே, பெட்டி ஏன் ஓடவில்லை என்று கத்திக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

ஜூன் 10

பராமரிப்பு. மாவு விடியலிலேயே தயார். ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் அத்தை மாடிப்படிச் சுவரில் இருக்கும் சோலார் பெட்டியைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். விளக்கு அணைந்திருந்தது. நேரே வாசலுக்குப் போய்க் கம்பத்தை அண்ணாந்து ஒரு சத்தம்:

"தம்பி, பொட்டி நின்னுருச்சு! நான் பாத்துட்டேன். கம்பில கை வையி!"

அவருக்கு முன்பே நான் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். சொல்லவில்லை.