லெர்ஷ் பனியாற்றுக்கு ஒன்பது பேர்

செப்டம்பர் 18, 2023, திங்கள்

தக்காளிச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது ரோஸ்விதா போன் செய்தாள். என் பழைய மாணவி, இப்போது இதே ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். அவள் வகுப்புக்காரர்கள் எல்லோருக்கும் இந்த வருடம் ஐம்பத்தைந்து வயது. அதைக் கொண்டாட நவம்பர் 16 முதல் நான்கு நாள் லெர்ஷ் பனியாற்றில் பனிச்சறுக்கு விடுமுறை. எட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்களாம். என்னையும் கூப்பிட்டாள்.

"நீங்க இல்லாம அது என்ன வகுப்பு டீச்சர்? எழுபத்திரண்டெல்லாம் ஒரு வயசா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? அந்தப் பள்ளத்தாக்குக்குப் போகும் பேருந்து எதிரே வந்தால்கூட நாற்பத்து நான்கு வருடமாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் நான்.

செப்டம்பர் 19

என்னோடு ஒன்பது. ஒற்றைப்படை.

செப்டம்பர் 24, ஞாயிறு

என் கணவர் ஆல்பன் நிலவறையிலிருந்து என் சறுக்குப் பலகைகளை எடுத்துவந்து சமையலறைச் சுவரில் சாய்த்தார். ரயில்வேயில் முப்பத்தாறு வருடம் கார்டாக இருந்தவர். எந்தப் பயணத்துக்கும் இரண்டு மாதம் முன்பே மூட்டை கட்ட வேண்டும். ஓரத் தகடு துருப்பிடித்திருக்கிறது, கடையில் தீட்டக் கொடுக்கப் போகிறேன் என்றார். "உன் இடுப்புல வச்ச டைட்டானியம் மூட்டு மட்டும்தான் துருப்பிடிக்காம இருக்கு புர்கி."

டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார். மூவாயிரம் மீட்டருக்கு ஒரே நாளில் ஏறக்கூடாது, முதல் இரவு கீழே கிராமத்தில் தங்க வேண்டும், முதல் நாள் சறுக்காமல் நடந்து பழக வேண்டும். குறித்துக்கொண்டேன்.

ரோஸ்விதா போனில் படங்கள் அனுப்பியிருந்தாள். அந்தக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளோடு நாங்கள் சரிவில் ஏறிப் போன இழுவைக் கம்பி இப்போது கிடையாது. பனிக்கட்டி தாழ்ந்துகொண்டே போனதில் கம்பங்கள் நிற்கவில்லையாம். பத்துப் பேர் உட்காரும் ரோப்கார் வந்துவிட்டது. இன்னொரு படத்தில், கோடையில் பனி உருகாமலிருக்க மலைச்சரிவு முழுவதும் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள்.

"உன் பனியாறு போர்வை போத்திக்கிட்டுத் தூங்குது பாரு" என்றார் ஆல்பன்.

அந்த மலையில் வேறொரு வெள்ளைத் துணியைப் பார்த்திருக்கிறேன். சிறியது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

செப்டம்பர் 30

ரொட்டிக்கடை வரிசையில் பதினொரு பேர். பேருந்தில் இருபத்தாறு, ஓட்டுநரோடு. தேவாலயத்தில் திருப்பலியின்போது பெஞ்சுக்கு ஐந்து பேர் வீதம் எட்டு பெஞ்சு என்று பெருக்கமாட்டேன். ஒவ்வொரு தலையாக எண்ணுவேன். சுற்றுலா போகும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள்: கணக்கு டீச்சருக்குப் பெருக்கத் தெரியலை. நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அக்டோபர் 5, வியாழன்

எழுதிவிடுகிறேன். கரும்பலகையில் கணக்கை விளக்குவதுபோல, படிப்படியாக.

1979 மார்ச். பள்ளியின் பனிச்சறுக்கு வாரம். எங்கள் பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு பாடம்தான். காய்ச்சல் என்றால்தான் விடுப்பு. என் குழுவில் பதினான்கு பேர், எல்லோரும் பத்து, பதினொரு வயது. எனக்கு இருபத்தெட்டு.

இழுவைக் கம்பி என்றால், மேலே ஓடும் வடத்திலிருந்து கவிழ்த்த நங்கூரம்போல ஒரு கட்டை தொங்கும். கட்டைக்கு இரண்டு பேர், நடுத்தண்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பின்தொடையில் கட்டையைக் கொடுத்துப் பலகை மேல் நின்றால் போதும், சரிவில் இழுத்துக்கொண்டு போகும். உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் விழுவோம். விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான் அவர்களுக்குப் பாட்டுப்போலச் சொல்லிக்கொடுத்திருந்தேன்: எழுந்திரு, பக்கத்துக் கம்பத்துக்குப் போ, அங்கேயே நில், டீச்சர் வருவேன்.

அன்று மூடுபனி. நான் முதல் ஆளாக மேலே போய் நின்றேன். நீட்டிய கை தெரியவில்லை, முகங்கள் எப்படித் தெரியும்? அதனால் மூடுபனியில் எல்லா ஆசிரியர்களும் செய்வதையே செய்தேன். தலையை எண்ணவில்லை, மேலே வந்து விடுபடும் சத்தத்தை வைத்துக் கட்டையை எண்ணினேன். ஏழு கட்டை வந்தது. ஏழிரண்டு பதினான்கு. காற்று வலுத்துக்கொண்டிருந்தது, கம்பியை நிறுத்தப் போவதாகக் கத்தினார்கள். பிள்ளைகளை மறுபக்கச் சரிவில் இறக்கி நடுவழி விடுதிக்குக் கூட்டிப்போனேன். சூப் கிண்ணங்கள் வந்தபோதுதான் தலைகளை எண்ணினேன்.

பதின்மூன்று.

பிர்கிட் இல்லை. நான்காவது கட்டையில் ரோஸ்விதாவோடு ஏறியவள்.

மறுநாள் பிற்பகல் பனிப்பிளவு ஒன்றில் அவளைக் கண்டெடுத்தார்கள். ஒன்பதாம் கம்பத்தைச் சுற்றிப் பனி மிதிபட்டு இறுகிக் கிடந்ததாம். ஒரு மணி நேரமாவது அங்கே நின்றிருக்கிறாள். நான் வருவேன் என்று நின்றிருக்கிறாள். கம்பி ஓடும் சத்தமும் அடங்கிய பிறகுதான் தானாக இறங்கப் பார்த்திருக்கிறாள்.

அக்டோபர் 6

நேற்று எழுதியது ஊருக்குத் தெரிந்த கதை. மூடுபனியில் யாரும் அப்படித்தான் எண்ணுவார்கள் என்று விசாரணையில் மூன்று ஆசிரியர்கள் எனக்காகச் சாட்சி சொன்னார்கள். அது பொய்யில்லை.

தெரியாதது இது. நான்காவது கட்டையில் தனியாக வந்த ரோஸ்விதா என்னிடம் சொன்னாள். பிர்கிட் விழுந்துவிட்டாள் என்று சொன்னாள். அடுத்ததில் வருவாள், வழியை விடு என்றேன். பிறகு ஏழு வந்தது, பதினான்கு என்று முடித்துவிட்டேன். சரியான விடை வந்துவிட்டால் வழிமுறையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

அன்று மாலையே தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவரும் செத்துப்போய் இருபது வருடமாகிறது. "காத்துல உனக்குக் கேட்கலை. கேட்டுச்சுன்னு சொன்னா நீயும் போயிடுவே, இந்தப் பள்ளிக்கூடமும் போயிடும்" என்றார். போலீஸ்காரர் கேட்டபோது யாரும் எதுவும் சொல்லவில்லை என்றேன்.

ரோஸ்விதாவைக் கேட்டார்கள். சொன்னேன் என்றாள். மறுபடி கேட்டார்கள், அப்போது நானும் அறையில் இருந்தேன். என் முகத்தைப் பார்த்தாள். ஞாபகமில்லை என்றாள். மூன்றாவது தடவை, சொல்லவில்லை என்று நினைக்கிறேன் என்றாள்.

என் முகத்தில் அப்போது என்ன இருந்தது?

அக்டோபர் 12, வியாழன்

அறை பிரிக்கும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். அன்று மாதிரியே டீச்சர்தான் பிரிக்கணுமாம். இருவர் அறை நான்கு, தனியறை ஒன்று. பெயர்களைச் சின்னத் துண்டுகளாக வெட்டி மேசையில் அடுக்கினேன். ரோஸ்விதாவின் துண்டை யார் பக்கத்தில் வைத்தாலும் மறுபடி எடுத்துவிட்டேன். தனியறையை அவளுக்கே கொடுக்கலாமா? அது இன்னும் மோசம்.

அவளையே கேட்போம் என்று போன் செய்தேன். பேச்சுவாக்கில், பயிற்சியாளர் ஒருவரை ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னாள். பதினொரு வயதுக்குப் பிறகு அவள் பலகையில் ஏறியதே இல்லையாம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். இரண்டு பிள்ளைகளைப் பெற்று, அவர்களை மலைக்கு அனுப்பிவிட்டுக் கீழே காரில் உட்கார்ந்திருப்பாளாம்.

"ஊரே என்னைத் திட்டிச்சு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு பிழைச்சிருக்கும்னு எங்க அம்மாவே சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் என்னை ஒண்ணும் சொல்லலை. அதான் டீச்சர், திரும்ப அங்க போனா உங்களோடதான் போகணும்னு இருந்தேன்."

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை.

அக்டோபர் 13

அந்த வருடம் முழுக்க அவளுக்கு நான் பென்சில் சீவிக் கொடுத்தேன். கணக்கில் எப்போதும் முதல் மதிப்பெண். ஒரு பிள்ளையிடம் காரணம் சொல்லாமல் அன்பாக இருந்தால் அது என்ன நினைக்கும்? தான் ஏதோ தப்புச் செய்திருக்கிறோம், டீச்சர் மன்னித்துவிட்டார் என்று நினைக்கும்.

இதை எழுதும்போது வகுப்பில் உதாரணம் சொல்வதுபோல இருக்கிறது. வேறு யாரோ ஒருத்தியின் கதையாக.

அக்டோபர் 21, சனி

ஆல்பனிடம் சொன்னேன். ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தார். தோல் அறுந்து விழுந்தது, எடுக்கவில்லை. பிறகு, "நாப்பது வருஷத்துக்கு மேல என் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டிருக்கே" என்றார். அவ்வளவுதான்.

இப்போது எதற்கு அதைக் கிளற வேண்டும், அந்தப் பெண் நன்றாகத்தானே இருக்கிறாள் என்று பிறகு கேட்டார். இல்லை, நன்றாக இல்லை என்றேன். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் என் பலகைகள்.

"தீட்டிக் குடுத்துட்டாங்க. போறியா இல்லையான்னு நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

அக்டோபர் 28

விடுதிக்கு ஒன்பது பேர் என்று உறுதி செய்து கடிதம் அனுப்பினேன். கோழை.

நவம்பர் 1, புதன். புனிதர் அனைவர் நாள்

ஊர் முழுவதும் கல்லறைத் தோட்டத்தில். என் அப்பா அம்மாவுக்கு விளக்கேற்றிவிட்டு மதில் ஓரமாக நின்றேன். பிர்கிட்டின் அண்ணன் ஹூபர்ட் குடும்பத்தோடு வந்து அவள் கல்லறை முன் நின்று ஜெபித்துவிட்டுப் போனார். மேல் கிராமத்தில் மரப்பட்டறை வைத்திருக்கிறார். அவர்கள் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்து ரோஸ்விதா வந்தாள். சிவப்பு விளக்கை வைத்துவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

சின்ன வயதில் ஒவ்வொரு வருடமும் இதே நாளில் அவள் அம்மா அவளை இங்கே இழுத்துவந்து, பிர்கிட்டின் அம்மா முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைப்பாளாம். பதினெட்டு வயதுவரை. அந்த அம்மாள் ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை. அவர் இறந்த பிறகு, ஹூபர்ட் கண்ணில் படாத நேரமாகப் பார்த்து வருகிறாளாம். இதையெல்லாம் வானிலை பேசுவதுபோலச் சொன்னாள். எனக்கு இதுவரை தெரியாது. தெரிந்துகொள்ள நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

"ரோஸ்விதா, நீ சொன்னே" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு மேலே வந்ததும் நீ எங்கிட்ட சொன்னே. எனக்குக் கேட்டுச்சு. கேட்கலைன்னு பொய் சொன்னது நான்தான்."

அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. கையுறையைக் கழற்றினாள், மறுபடி போட்டுக்கொண்டாள்.

"என்ன சொன்னேன்? அப்படியே சொல்லுங்க."

"டீச்சர், பிர்கிட் விழுந்துட்டா, அவ பலகை ஒண்ணு கழண்டுடுச்சு, கம்பியை நிறுத்தச் சொல்லுங்க."

"சத்தமாவா சொன்னேன்?"

"சத்தமா. என் கோட்டைப் பிடிச்சு இழுத்து."

அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு, "நானே கனவுல இட்டுக்கட்டினதுன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். மன்னித்துவிடு என்று நான் வாயெடுத்தேன். "அது வேண்டாம் டீச்சர். இப்போ வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நவம்பர் 2

ஒன்றும் எழுத முடியவில்லை.

நவம்பர் 7, செவ்வாய்

ரோஸ்விதாவிடமிருந்து செய்தி. அப்படியே எழுதி வைக்கிறேன்: "உங்க அறையை ரத்து பண்ணிட்டேன். நாங்க எட்டுப் பேர் போறோம், நானும் போறேன். மத்தவங்ககிட்ட நானே பேசிக்கிறேன். ஆனா ஹூபர்ட்கிட்ட நீங்கதான் சொல்லணும். உங்களுக்காக அதையும் நான் சுமக்க முடியாது."

டீச்சர் என்ற வார்த்தை அதில் இல்லை.

ஆல்பன் கேட்காமலேயே பலகைகளை நிலவறைக்குக் கொண்டுபோனார்.

நவம்பர் 16, வியாழன்

இன்று காலை கிளம்பியிருப்பார்கள். மலை மேல் வானம் தெளிவாக இருப்பதாக வானொலியில் சொன்னார்கள்.

நவம்பர் 17, வெள்ளி

காலை பத்து நாற்பது மணிப் பேருந்தில் மேல் கிராமத்துக்குப் போனேன். கூட வருவதாக ஆல்பன் சொன்னார், வேண்டாம் என்றேன். தேவாலய நிறுத்தம் வரை வந்து, கையில் சாண்ட்விச் பொட்டலத்தைத் திணித்துவிட்டுப் போனார்.

ஹூபர்ட் பட்டறையில் இருந்தார். என்னைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தினார், சமையலறைக்குக் கூட்டிப்போனார், காபி வைக்கப் போனார். அதற்கு முன்பே சொல்லத் தொடங்கினேன், இல்லாவிட்டால் காபிக்குப் பிறகு என்று தள்ளியிருப்பேன். நின்றுகொண்டே சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. கம்பத்தருகே நில் என்று சொல்லிக்கொடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன்.

காபிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். சட்டையிலிருந்த மரத்தூளைத் தட்டினார்.

"எங்கம்மா சாகறவரைக்கும் ரோஸ்விதா பேரை இந்த வீட்டுல யாரும் சொன்னதில்லை" என்றார்.

பிறகு போனை எடுத்தார். ரோஸ்விதாவின் எண் அவரிடம் இல்லை, என்னிடம் கேட்டார். ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னேன். அவள் எடுக்க நேரமாயிற்று. போனுக்குள் காற்றுச் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம். மேலே இருந்தாள்.

"ரோஸ்விதா, நான் ஹூபர்ட். பிர்கிட்டோட அண்ணன்." கொஞ்சம் நிறுத்தினார். "இல்லம்மா, நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான்தான் சொல்லணும். எப்போ இறங்கி வர்றே? ஞாயித்துக்கிழமையா? சரி, அப்போ நேரா இங்க வா. சாப்பாட்டுக்கு. முன்வாசல் வழியா வா."

பேச்சு தொடர்ந்தது. நான் கோட்டை எடுத்துக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டு நிறுத்தத்துக்கு நடந்தேன். அடுத்த பேருந்து இரண்டேகாலுக்குத்தான். அங்கே நின்றே சாண்ட்விச்சைச் சாப்பிட்டேன்.