அடக்கிக்கொள்ளச் சொன்ன அம்மாவுக்கு

என் தங்க அம்மா,

ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி தந்த அறையில் நான் முதலில் கவனித்தது தாழ்ப்பாளைத்தான். போட்டால் சரியாக விழுந்தது. நம் பனியன் கம்பெனி கக்கூஸில் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டுதானே உட்கார வேண்டும்? தரையெல்லாம் ஈரம், மூலையில் ரத்தம் காய்ந்த துணி, மூத்திர நாற்றம். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் வரும் நாளில் மட்டும் பினாயில் ஊற்றிச் சோப்பு வைப்பார்கள். அவர் கார் கிளம்பியதும் சோப்பை எடுத்துவிடுவார்கள். இப்போதும் அப்படித்தான்.

படிப்பை விட்டு நான் வேலைக்கு வந்த அன்று நீ காதில் சொன்னாய்: "தண்ணி கொறச்சுக் குடி கண்ணு. வந்தா அடக்கிக்க. ஊட்டுல போய்ப் பாத்துக்கலாம்."

நீ காய்ச்சலில் போன பிறகும் அடக்கிக்கொண்டே இருந்தேன். பின்பு அடக்காவிட்டாலும் வரவில்லை. எழுதவே அருவருப்பாக இருக்கிறது. கல்லாக இறுகும். முக்கினால் ரத்தம். ஒருநாள் தையல் மெஷினில் இருக்கும்போதே கசிந்து, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உனக்கும் இப்படி இருந்ததா? சொல்லாமலே போய்விட்டாயா?

டாக்டர் சோதித்துவிட்டு, மாத்திரை மட்டும் போதாது என்று பிசியோதெரபி அக்காவிடம் அனுப்பினார். வெளிக்குப் போவதற்கும் பயிற்சியா என்று கூசியது. அந்த அக்கா என் வயிற்றில் கைவைத்து முக்கச் சொன்னார்.

"கதவ இழுத்துச் சாத்திக்கிட்டே தள்ளறீங்க கண்ணு. அப்பறம் எப்படீங்க வெளிய வரும்?"

அடக்கி அடக்கிப் பழகியதால், தளர வேண்டிய இடுப்பின் அடித்தசை முக்கும்போதும் இறுகுகிறதாம். வயிறு உப்ப மூச்சிழுத்து, மெல்ல ஊதியபடி அதைத் தளர்த்தப் பழக்கினார். கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் நின்றது.

"ஆனா வந்தா உடனே போயிரோணும். அடக்குனா பழகுனது அத்தனையும் வீணுங்க."

எங்கே போவது? அந்தச் சாக்கடைக்கா?

இன்று டீக்கு முன்பே வந்துவிட்டது. எங்கள் தையல் லைன் முழுவதற்கும் ஒரே டோக்கன். அது இருந்தால்தான் கக்கூஸுக்கு விடுவார்கள். சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டேன்.

"இப்பத்தான மெஷின்ல உக்காந்த? பீஸ உங்கப்பனா வந்து தைப்பான்?"

"காலைல ஊட்டுல என்னதான் பண்ணுவாளோ," என்றாள் பக்கத்து மெஷின்காரி. லைனே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. பழக்கத்தில் உடம்பு தானாக இறுகியது. அந்த இறுக்கமே எனக்கு அருவருப்பாக இருந்தது.

இனி எவர் பீஸுக்காகவும் அடக்க மாட்டேன் அம்மா. இது உனக்கு நான் தரும் வாக்கு.

சூப்பர்வைசர் மேசையிலிருந்த டோக்கனை நானே எடுத்தேன். துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு கக்கூஸை நோக்கி நடந்தேன்.

நீ பெற்ற ஒரே மகள்