பின்வாங்குதல்

ஒக்டோபர் 12, வியாழன்

பின்னேரம் கல்யாணத் தரகர் வந்தார். அப்பா காட்டிய கதிரையில் அவர் உட்காரவில்லை.

"பிலிமத்தலாவை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பின்வாங்குறாங்க அண்ணே. நீங்க தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளிங்க இருக்கிற லயத்தில பொறந்தவருன்னு யாரோ சொல்லிட்டாங்களாம்."

"நான் மறைக்கலையே. அவங்க கேக்கவேயில்ல," என்றார் அப்பா.

எனக்கு அழுகை வரவில்லை. தரகர் போனதும் அலுமாரியிலிருந்து அகராதியை எடுத்தேன். பழைய தமிழில் 'வாங்கு' என்றால் வளைதல், இழுத்தல். வில்லை வளைப்பதையும் வாங்குதல் என்றுதான் சொன்னார்கள். பின்வாங்குவது, அப்படியானால், தன்னைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது. கடையில் வாங்குவதும் அதே சொல்தான். உட்காருகிற வாங்கு மட்டும் வேறு. அது போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. போன மாதம் வாவிக்கரையில் அந்த மாப்பிள்ளையும் நானும் அப்படியொரு வாங்கில்தான் உட்கார்ந்து பேசினோம். எழும்பும்போது நான் மறந்த குடையை எடுத்துத் தந்தார்.

அப்பா இன்னும் கதிரையைப் பிடித்தபடி நின்றார்.

"என்னம்மா போட்டிருக்கு?"

"வளையறதுன்னு போட்டிருக்கு, அப்பா."

"யாரு, அவங்களா நாமளா?"

அகராதியில் அது இல்லை. மூடி வைத்துவிட்டேன்.