துரும்பு கிள்ளிய நாள்

பிரமாதி வருஷம், ஆடி 9, இரவு

காலையில் ஆய்க்குடியில் ஊர்க்கூட்டத்தின் முன்னால் அவர் துரும்பைக் கிள்ளிப் போட்டார். அத்தோடு எங்கள் கல்யாணம் தீர்ந்தது. "அவனத் தலமுழுகிட்டு வீட்டுக்குள்ள வாட்டி" என்று அம்மா என்னைக் குற்றாலத்துக்கு இழுத்துப் போனாள்.

அருவியில் நல்ல தண்ணீர். பக்கத்தில் மஞ்சள் தேய்த்துக்கொண்டிருந்தவள் சிரித்தபடி கேட்டாள்: "ஏட்டி, நீ யாரு பொஞ்சாதி?"

கையிலிருந்த செம்பால் அவள் வாயிலேயே அடித்தேன். பல் உடைந்தது. மறுபடியும் அடித்தேன். கைக்கு அது பிடித்திருந்தது. அம்மா என் மயிரைப் பிடித்து இழுத்தும் நான் நிறுத்தவில்லை. பாறையில் தண்ணீர் சிவப்பாக ஓடியது. அவள் என்ன தப்பாகக் கேட்டுவிட்டாள்? எல்லோரும் கேட்பதுதானே.

அருவிக்கரையில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஓடி வந்து என் கையை முறுக்கினார். "யாருட்டி நீ? சொல்லு."

செண்பகம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெயர் எனக்கு நினைவுக்கே வரவில்லை. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாதென்று, அவரோடு வாழ்ந்த காலமெல்லாம் நான் விழுங்கி வைத்திருந்த பெயர்தான் வெளியே வந்தது.

"சுடலைமுத்து பொஞ்சாதி" என்றேன்.

நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டு, அவர் அதையே எழுதிக்கொண்டு போனார்.